த்ரீ நாட் த்ரீக்கு எந்தத் தோட்டா?

குழலுக்குள் நுழைகிறது என்பதால் மட்டும் ஒரு தோட்டா அந்தத் துப்பாக்கிக்குரியது ஆகிவிடாது. பழைய ராணுவ ரைஃபிளை வைத்துக்கொண்டு உபரிச் சரக்கில் தோட்டா தேடுகிறவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். ரைஃபிள் .303. பெட்டியின் மேலும் .303 என்று அச்சு. பிறகென்ன? பிறகுதான் எல்லாமே. 1888-இல் பிறந்து, இரண்டு உலகப் போர்களைத் தாண்டி வந்த அந்த ஒரே எண்ணுக்குள் கருமருந்துத் தோட்டா இருக்கிறது, கார்டைட் தோட்டா இருக்கிறது, நைட்ரோசெல்லுலோஸ் தோட்டா இருக்கிறது. மொட்டை மூக்குக் குண்டும் கூர்மூக்குக் குண்டும் இருக்கின்றன. இயந்திரத் துப்பாக்கிக்கென்றே செய்ததும் அதே வேடத்தில் கலந்து கிடக்கிறது.

எண்ணே பாதிப் பொய்தான். 0.303 அங்குலம் என்பது, குண்டைச் சுழலவைக்கும் புரியை வெட்டுவதற்கு முன் குழலுக்கு இருந்த உள்விட்டம். குண்டின் விட்டம் 0.311. புரிப்பள்ளத்தின் அடிவரை அளந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். போர்க்கால அவசரத்தில் வெட்டிய குழல்களில் அது 0.315 வரை போனதும் உண்டு. அப்படிப்பட்ட குழலில் சரியான தோட்டாகூடக் குறி தவறும். குற்றம் தோட்டாவின் மேல் விழும்.

*

முதல் .303 தோட்டாவில் இருந்தது அழுத்திக் கட்டியாக்கிய கருமருந்து. அதற்கேற்ற ரைஃபிள் லீ-மெட்ஃபோர்டு. மெட்ஃபோர்டு வடிவமைத்த புரி ஆழமில்லாதது, ஓரங்கள் மழுங்கியது. கருமருந்து விட்டுப்போகும் கசடு படிந்து அடைக்காமல் இருக்கத்தான் அப்படி. சில ஆண்டுகளிலேயே புகையில்லாத கார்டைட் வந்தது. கசடு குறைந்தது, வெப்பம் கூடியது. முதல் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு. அந்தச் சூட்டில் மெட்ஃபோர்டின் மென்மையான புரி சீக்கிரமே கரைந்துபோனது. 1895-இல் ஆழமான ஐந்து பள்ளம் கொண்ட என்ஃபீல்டு புரி வந்தது. லீ-என்ஃபீல்டு என்ற பெயர் பிறந்த கதை இவ்வளவுதான். தோட்டா மாறியதால் துப்பாக்கி மாறியது. இந்தக் கதையில் எப்போதும் முதலில் நகர்வது தோட்டாதான்.

*

அரவங்காடு. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போகிறவர்கள் அந்த நிலையப் பலகையைப் பார்த்திருப்பார்கள். 1903-இல் அங்கே கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. நைட்ரோகிளிசரினோடு புழங்கும் வேலைக்கு நீலகிரியின் குளிர் தோது. கார்டைட் இங்கே, தோட்டா கிர்க்கியிலும் டம்டத்திலும், ரைஃபிள் வங்காளத்து இஷாப்பூரில் என்று ஒரு சங்கிலி இந்தியாவுக்குள்ளேயே முழுமையானது அந்தக் காலத்தில்தான்.

பழைய தோட்டா ஒன்றைப் பிரித்தால் உள்ளே மருந்து தூளாக இருக்காது. சேமியாவைக் கொத்தாகக் கட்டி வைத்ததுபோல் பழுப்பு நிறக் குச்சிகள் நிற்கும். அந்தக் குச்சிகளைக் குறுகிய கழுத்து வழியாக உள்ளே விட முடியாது. அதனால் பித்தளைக் கூடு நேராக இருக்கும்போதே குச்சிகளைச் செருகி, மேலே ஒரு அட்டை வில்லையை வைத்து, அதன் பிறகுதான் கழுத்தை ஒடுக்கினார்கள். கூடு முழுதான பிறகே மருந்து என்ற வழக்கமான வரிசையே இங்கே குலைந்துபோகிறது. இந்தத் தோட்டாக்களைப் பிரித்து மறுபடி நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு தகவலிலேயே அடங்கிவிடலாம்.

*

1910. மார்க் 7 தோட்டா. அதுவரை இருந்த மார்க் 6 குண்டு 215 கிரெயின் எடை, மொட்டை மூக்கு, வேகம் நொடிக்கு ஏறத்தாழ 630 மீட்டர். புதியது 174 கிரெயின், கூர்மூக்கு, நொடிக்கு 744 மீட்டர். கூட்டின் அளவு மாறவில்லை. பழைய ரைஃபிளில் புதிய தோட்டா பிசகில்லாமல் உட்காரும், வெடிக்கும், குண்டும் போகும். ஆனால் தொலைவு கூடக்கூடக் குறிக்கு மேலே போகும். ஏனென்றால் பின்குறியில் பொறித்த கஜ எண்கள் பழைய கனத்த குண்டின் வளைவுக்கு வைத்தவை.

பிரிட்டிஷார் இதை ஒழுங்காகச் செய்தார்கள் என்றே சொல்ல வேண்டும். பழைய ரைஃபிள்களைத் திரும்பப் பெற்று, குறியை மாற்றி, தோட்டா உட்காரும் அறையின் முன்பகுதியைச் சீர்செய்து, அதற்கான சுருக்கெழுத்துகளைக் குழலிலேயே பொறித்தார்கள். இன்று ஒரு பழைய ரைஃபிளை எடுத்துப் பார்ப்பவன் அந்த எழுத்துகளைப் படித்தால் எந்தக் குண்டுக்கு அது சீரமைக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். இரும்பில் எழுதிவைத்த ரசீது அது.

இந்தச் சீரமைப்பு இந்தியாவுக்கு வந்துசேர நாளானது. 1914 செப்டம்பர் இறுதியில் லாகூர் டிவிஷன் மார்சேய் துறைமுகத்தில் இறங்கியபோது சிப்பாய்களின் கையில் இருந்தவை பழைய தோட்டாவுக்கான ரைஃபிள்கள். பிரான்சில் குவிந்திருந்ததோ மார்க் 7. ஆகவே கப்பலைவிட்டு இறங்கியவர்களிடமிருந்து ரைஃபிளை வாங்கிக்கொண்டு வேறு ரைஃபிள் கொடுத்தார்கள். பழகிய ரைஃபிள் போய்விட்டது. அக்டோபர் முடிவதற்குள் அவர்கள் பெல்ஜியத்துப் பதுங்குகுழிகளில் இருந்தார்கள். ஒரு காலாள் வீரனுக்குத் தன் ரைஃபிளின் குணம் பிடிபட எவ்வளவு காலம் வேண்டும் என்று படைத்தொழில் தெரிந்தவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

*

ராஸ் ரைஃபிள். பொருத்தம் என்ற விஷயத்தில் இதைவிடப் பெரிய பாடம் கிடையாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

போயர் போரின்போது பிரிட்டன் கனடாவுக்கு லீ-என்ஃபீல்டு தர முடியவில்லை. கனடா சொந்த ரைஃபிள் செய்யத் தீர்மானித்தது. ஸ்காட்லாந்துப் பிரபு சர் சார்லஸ் ராஸ் வடிவமைத்தது, கியூபெக் நகரில் தொழிற்சாலை. போல்ட்டைத் திருக வேண்டாம், நேராக இழுத்துத் தள்ளினால் போதும். துல்லியமோ அபாரம். இலக்குச் சுடும் போட்டிகளில் பேர் வாங்கிய ரைஃபிள். அந்தத் துல்லியத்துக்கு ஒரு காரணம் தோட்டா அறையை இறுக்கமாக வெட்டியிருந்தது. கனடாவின் சொந்தத் தோட்டாக்கள் அந்த அளவுக்குள் கச்சிதமாக உட்காரும்.

1915-இல் பெல்ஜியத்தின் இப்ரேவில் சண்டை. அங்கே கையில் கிடைத்தது பிரிட்டனில் அவசர அவசரமாகச் செய்த தோட்டா. அதுவும் .303 தான், விதிமுறைக்கு உட்பட்டதுதான். ஆனால் அளவு மேல்வரம்பை ஒட்டியிருந்தது. லீ-என்ஃபீல்டின் அறை தாராளமானது, சேறு புகுந்தாலும் விழுங்கிக்கொள்ளும். ராஸ் விழுங்கவில்லை. சில சுற்றுகள் சுட்டதும் குழல் சூடேறிக் கூடு அறைக்குள் ஒட்டிக்கொண்டது. போல்ட்டைப் பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்தார்கள், மண்வெட்டிப் பிடியால் அடித்தார்கள். அடிக்க அடிக்க போல்ட்டின் பல் நசுங்கி நிலைமை இன்னும் மோசமானது. நச்சுப்புகை வந்துகொண்டிருக்கும் நேரத்தில் இந்தப் பாடு. அந்தச் சண்டை முடிந்து கணக்கெடுத்தபோது முதல் கனடிய டிவிஷனில் உயிர்தப்பியவர்களுள் 1,400-க்கும் மேற்பட்டோர் ராஸை எறிந்துவிட்டு லீ-என்ஃபீல்டோடு நின்றார்கள். இறந்துகிடந்த பிரிட்டிஷ் வீரர்களிடமிருந்து எடுத்தவை.

படைத்துறை அமைச்சர் சாம் ஹியூஸ் கடைசிவரை ராஸை விட்டுக்கொடுக்கவில்லை. அறையை அகலப்படுத்தினார்கள். சிக்கல் ஓரளவு தீர்ந்தது, நம்பிக்கை திரும்பவில்லை. 1916-இல் ராஸ் முன்னணியிலிருந்து விலக்கப்பட்டது. குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர்கள் மட்டும் அதை விடவில்லை. அவர்களுக்குத் தோட்டாவைப் பொறுக்கியெடுக்க நேரம் இருந்தது.

ரைஃபிள் மோசமா, தோட்டா மோசமா என்ற சண்டை இன்றும் ஓய்ந்தபாடில்லை. என் கணிப்பு: தோட்டா அதன் வரம்புக்குள் இருந்தது, அறை அதன் வரம்புக்குள் இருந்தது, இரண்டு வரம்பையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆளில்லாமல் போனது.

*

லீ-என்ஃபீல்டின் தாராளத்துக்கும் விலை உண்டு. தோட்டாவின் அடிவிளிம்பு அறையின் வாயில் தடுத்து நிற்பதுதான் பிடிமானம். முன்னால் தோள்பகுதியில் இடம் விட்டே வெட்டியிருப்பார்கள். சுடும்போது பித்தளை முன்னோக்கி நீண்டு அந்த இடத்தை நிரப்பும். ராணுவத்துக்கு அது கவலையில்லை, கூடு ஒருமுறைக்குத்தான். அதே கூட்டை மறுபடி நிரப்பிச் சுடுகிறவனுக்கு சில முறைக்குள் அடிப்பக்கம் வளையமாக விரிசல் விட்டுக் கூடு இரண்டாகும். நம்பர் 4 ரைஃபிளில் இதைச் சரிக்கட்ட போல்ட் தலைகளையே 0, 1, 2, 3 என்று எண்ணிட்டு நீளத்தில் நூலளவு வித்தியாசத்தோடு செய்து வைத்திருந்தார்கள்.

*

பெட்டியைப் படிப்பது. பெட்டியைவிடத் தோட்டாவின் அடியைப் படிப்பது. அங்கே வட்டமாகப் பொறித்திருக்கும்: செய்தவர், ஆண்டு, மார்க். கே.எஃப். என்றால் கிர்க்கி. ஆர்.ஜி. என்றால் இங்கிலாந்தின் ராட்வே கிரீன். டி.ஏ.சி. கனடா. எம்.எஃப். ஆஸ்திரேலியா. மார்க் எண்ணுக்குப் பக்கத்தில் இசட் இருந்தால் உள்ளே கார்டைட் இல்லை, நைட்ரோசெல்லுலோஸ்.

மார்க் 8 என்று இருந்தால் நிறுத்திவிட வேண்டும். 1938-இல் விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிக்காக வந்தது அது. பின்புறம் படகுபோல் ஒடுங்கிய குண்டு, அழுத்தமும் கூடுதல். ரைஃபிளில் அவசரத்துக்கு மட்டும் என்பது ராணுவத்தின் உத்தரவு. கார்டைட் அரித்துத் தேய்ந்த குழலில் அந்தக் குண்டு சரியாகப் பிடிப்பதும் இல்லை.

அடியின் நடுவில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைச் சுற்றியுள்ள வளையத்தின் நிறம்: ஊதா சாதாரணக் குண்டு. சிவப்பு, ஒளிக்கோடு காட்டிப் போகும் டிரேசர். பச்சை, கவசம் துளைப்பது. நீலம், தீ மூட்டுவது. மஞ்சளைத் தொடவே கூடாது. துப்பாக்கி தாங்குமா என்று தொழிற்சாலையில் சோதிப்பதற்காக வேண்டுமென்றே அழுத்தம் கூட்டிய தோட்டா அது. நிறம் ஆண்டுகளில் மங்கும். ஊதாவும் நீலமும் மங்கினால் ஒன்றுபோல் தெரியும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் பார்க்க வேண்டும். டிரேசருக்கு ஜி, கவசம் துளைப்பதற்கு டபிள்யூ, தீ மூட்டுவதற்கு பி. காய்ந்த புல்வெளிச் சுடுதளத்தில் ஒரு டிரேசர் போதும், ஊரே ஓடிவரும்.

*

பழைய பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழலில் படியும். உப்புதான், காற்றின் ஈரத்தை உறிஞ்சும். எண்ணெய் அதைக் கரைக்காது. கொதிநீர்தான் மருந்து. புனலை வைத்து அறைப்பக்கமிருந்து ஊற்றி, உலர்த்தி, பிறகு எண்ணெய். பிரிட்டிஷ் படையில் இதற்கென்றே வளைந்த மூக்குள்ள புனல் இருந்தது. கடலோர ஊரில் இதை ஒரு ராத்திரி தள்ளிப்போட்டால் விடிவதற்குள் துரு.

*

டம்டம். கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றின் கிழக்குப் பக்கமாகப் போனால் டம்டம், பாரக்பூர், இஷாப்பூர் என்று வரிசையாக வரும். தோட்டாவின் சரித்திரம் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கிறதா என்பது சந்தேகம்.

1857 ஜனவரியில், புது என்ஃபீல்டின் தோட்டாவில் பூசிய கொழுப்பு பற்றிய பேச்சு முதலில் பரவியது டம்டத்தில். குடிக்கத் தண்ணீர் கேட்டு மறுக்கப்பட்ட ஆலைத் தொழிலாளி ஒருவன் பிராமணச் சிப்பாயிடம் சொன்னதாகப் பதிவு. மார்ச்சில் பாரக்பூரில் மங்கள் பாண்டே கிளர்ந்தெழுந்தார். அந்தத் தோட்டா துப்பாக்கிக்குப் பொருந்தியது, சுடுகிறவனுக்குப் பொருந்தவில்லை.

நாற்பதாண்டு கழித்து அதே டம்டம் ஆயுதசாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே .303 குண்டின் நுனியில் உலோக உறையைச் சற்றே விலக்கி ஈயத்தை வெளியே தெரியவிட்டார். 1895 சித்ரால் படையெடுப்பில் குண்டு ஆளைத் துளைத்துக்கொண்டு போகிறதே தவிர நிறுத்தவில்லை என்று வந்த புகார்தான் காரணம். புதுக் குண்டு உடலுக்குள் விரிந்தது. 1899 ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளைத் தடைசெய்யும் பிரகடனம் போட்டது. பிரிட்டன் அதில் சேர்ந்தது 1907-இல்தான். இங்கிலாந்தில் செய்த மார்க் 4 குழிமூக்குக் குண்டுக்கு வேறொரு கோளாறும் இருந்தது. சூடான குழலில் ஈயம் மட்டும் பறந்துபோய் உறை குழலுக்குள்ளேயே தங்கிவிடும், அடுத்த குண்டு அதில் மோதும். சேகரிப்பாளர்களின் அலமாரியில் இருக்கட்டும் அது.

*

நம் பக்கத்தில் தோட்டாப் பொருத்தம் பற்றிச் சுடுகிறவனைவிட அதிகம் கவலைப்பட்டது சர்க்கார்தான். அவர்களுடைய கவலை தலைகீழ்: எப்படிப் பொருந்தாமல் செய்வது?

1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்குப் புரியில்லாத வழுக்குக் குழல் என்ஃபீல்டு. தூரத்திலிருந்து பார்த்தால் ரைஃபிள்தான். பிறகும் வெள்ளைப் படை ஒரு தலைமுறை முன்னால், சிப்பாய்ப் படை ஒரு தலைமுறை பின்னால் என்ற கணக்கு நெடுங்காலம் ஓடியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 விட்டமுள்ள வேட்டை ரைஃபிள்கள் இந்தியாவிலும் சூடானிலும் தடைசெய்யப்பட்டன. அந்தக் குண்டைப் பிரித்தெடுத்துப் பழைய ராணுவ ரைஃபிளான மார்ட்டினி-ஹென்றியில் போட்டுச் சுட்டுவிடுவார்கள் என்ற பயம். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் உடனே .465, .470 என்று புது அளவுகளைக் கண்டுபிடித்தன. யானை வேட்டைக்குப் புகழ்பெற்ற அந்த அளவுகள் பிறந்தது யானைக்காக அல்ல.

ராணுவத்தின் .303 குடிமக்கள் கைக்குப் போகக்கூடாது. ஆகவே .315. ஆஸ்திரியாவின் பழைய மான்லிக்கர் 8 மி.மீ. தோட்டாதான் அது, வேறு பெயரில். சுதந்திரத்துக்குப் பிறகும் இந்திய ஆயுதத் தொழிற்சாலைகள் .315 வேட்டை ரைஃபிளைச் செய்து லைசென்ஸ்காரர்களுக்கு விற்றன. ஆட்சி மாறியது, அளவு மாறவில்லை. ஆயுத விதிகளில் .303-உம் 7.62-உம் தடைசெய்யப்பட்ட அளவுகளாகவே நீடித்தன. உபரித் தோட்டா வாங்கும் வழக்கமே நமக்கு இல்லாமல் போனது இதனால்தான்.

எல்லாவற்றையும் விடச் சாமர்த்தியமானது .410 மஸ்கட். பழைய லீ-என்ஃபீல்டை எடுத்து, புரியைத் துருவியெறிந்து, குழலை 0.410 வழுக்குக் குழலாக்கி, மேகசினில் மரக்கட்டையை அடைத்துவிட்டார்கள். ஒரு நேரத்துக்கு ஒரு தோட்டா. அதன் தோட்டாவோ கழுத்து ஒடுக்காத .303 கூடு. காவலுக்கு நிற்பவனுக்கும் கூட்டம் கலைப்பவனுக்கும் அது போதும் என்று தீர்மானம். கலவரத்தில் பறிபோனால்? பறித்தவன் எங்கிருந்தோ .303 தோட்டா கொண்டுவந்து சுட்டாலும் குண்டு அகன்ற குழலுக்குள் ஆடிக்கொண்டு போகுமே தவிரக் குறி சேராது. கடையில் விற்கும் .410 வேட்டைத் தோட்டாவும் அதன் அறைக்கு ஒத்துவராது. ஒரு துப்பாக்கியை இரண்டு பக்கமும் அனாதையாக்கிய வேலை. இந்த மஸ்கட்டும் இன்றுவரை தடைப் பட்டியலில்தான்.

*

கல்லூரி என்.சி.சி.யில் தோளில் சுமக்கும் .303-இல் டி.பி. என்று பொறித்திருக்கும். அணிவகுப்புக்கு மட்டும். சுடுதளத்துக்குப் போனால் கையில் கொடுப்பது .22. தான் சுமந்த ரைஃபிளின் தோட்டாவைக் கண்ணால் பார்க்காமலே சான்றிதழ் வாங்கிய தலைமுறைகள் உண்டு.

*

ஜப்பானியக் குழப்பம். அந்நாட்டுக் கடற்படை, லூயிஸ், விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகளை நகலெடுத்தபோது தோட்டாவையும் சேர்த்தே நகலெடுத்தது. பெயர் 7.7 மி.மீ., ஆனால் அசல் .303. தரைப்படையும் 7.7 வைத்திருந்தது. அது விளிம்பில்லாதது, கூடு இரண்டு மி.மீ. நீளம் அதிகம், .303 அறையில் சேராது. ஒரே நாடு, ஒரே எண், இரண்டு தோட்டா.

சிங்கப்பூர் விழுந்தபின் இந்திய தேசிய ராணுவத்துக்குக் கிடைத்த ரைஃபிள்கள் பெரும்பாலும் பிரிட்டிஷாரிடம் கைப்பற்றியவை. மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்களும் அந்த .303-ஐத்தான் பிடித்தார்கள். பக்கத்தில் நின்ற ஜப்பானியத் தரைப்படை வீரனின் தோட்டாப்பையிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கிச் சுட முடியாது. 1944-இல் பர்மா எல்லையில் இதன் பொருள் என்னவாக இருந்திருக்கும் என்பதை விரிவாக எழுத ஆளில்லை.

*

இஷாப்பூர் 2ஏ, 2ஏ1 ரைஃபிள்கள். சீனப் போருக்குப் பிந்தையவை. தோற்றம் பழைய லீ-என்ஃபீல்டு, வயிற்றில் 7.62×51 நேட்டோ தோட்டா, சதுரமான 12 தோட்டா மேகசின். பழைய ரைஃபிளுக்குக் குழல் மட்டும் மாற்றியது என்று சொல்வது தவறு. கூடுதல் அழுத்தம் தாங்கும் எஃகில் புதிதாகச் செய்தவை. 2ஏ1-இன் பின்குறி 2,000-இலிருந்து 800-க்கு இறங்கியது. யாரோ ஒருவர் உண்மையை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

2008 நவம்பர் தாக்குதலின்போது மும்பை ரயில் நிலையத்தில் காவலர்கள் .303-ஓடு நின்றதை நாடே பார்த்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை .303-க்கு விடைகொடுத்தது 2020 குடியரசு தினத்தில்.

*

வெளிநாட்டு உபரிச் சந்தையில் கிரேக்கத்து எச்.எக்ஸ்.பி. முத்திரைக்கு மரியாதை அதிகம். துருப்பிடிக்க வைக்காத பிரைமர், சீரான மருந்து. பாகிஸ்தானின் வா நகரத்து பி.ஓ.எஃப். முத்திரைக்கு, அதிலும் பழைய ஆண்டுகளுக்கு, வேறுமாதிரிப் பேர்: விசையை இழுத்தால் முதலில் 'டிக்', ஒரு மூச்சு கழித்து 'டமார்'. அந்த இடைவெளியில் அவசரப்பட்டு போல்ட்டைத் திறப்பவன் கண்ணை இழப்பான். குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருக்க வேண்டும்.

சோவியத்துக்கு எதிரான ஆப்கன் போருக்கு .303 தோட்டா அனுப்பியதில் ஒரு கூத்து நடந்ததாக, அப்போது பாகிஸ்தான் உளவுத்துறையான ஐ.எஸ்.ஐ.யின் ஆப்கன் பிரிவை நடத்திய பிரிகேடியர் முகமது யூசுஃப் எழுதியிருக்கிறார். சி.ஐ.ஏ. வெளிநாட்டிலிருந்து வாங்கியதாக நினைத்த சரக்கு கராச்சியிலேயே கப்பலேறிக் கராச்சிக்கே திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் அடியிலும் பி.ஓ.எஃப். பாகிஸ்தானுக்கு இதில் பங்கில்லை என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்த காலம். தோட்டாக்களை ஆலைக்கே திருப்பி அனுப்பி முத்திரையை அழித்தார்கள்.

அடியில் எழுத்தில்லாமல் தேய்த்த தழும்பு மட்டும் இருக்கும் .303 எங்காவது உபரிப் பெட்டியில் கண்ணில் பட்டால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.